புது காருக்கு இன்சூரன்ஸ்: ஷோரூம் நீட்டும் தாளில் கையெழுத்துப் போடும் முன்

நான் முதல் கார் எடுத்த அன்று ஷோரூமில் கிடைத்த நேரத்தில் முக்கால்வாசி மாலை போடவும் படம் எடுக்கவும் போய்விட்டது. இன்சூரன்ஸ் தாளுக்கு மிஞ்சியது நான்கு நிமிடம். "ஃபுல் இன்சூரன்ஸ் சார், பம்பர் டு பம்பர், எதுக்கும் கவலை வேண்டாம்" என்றார் விற்பனையாளர். பத்தரைக்குள் வண்டியை வெளியே எடுத்தாக வேண்டும் என்று அம்மா எலுமிச்சம்பழத்தோடு வாசலில் நிற்கிறார். கையெழுத்துப் போட்டேன்.

ஏழாவது மாதம், ஒரு ராத்திரி மழையில் எங்கள் அடுக்ககத்தின் பார்க்கிங்கில் தண்ணீர் ஏறிவிட்டது. காலையில் தண்ணீர் வடிவதற்குள் அவசரப்பட்டு வண்டியை ஸ்டார்ட் செய்தேன். இரண்டு முறை இருமிவிட்டு நின்றது. கிளைம் போட்டபோது, சேதத்தை மதிப்பிட வந்த சர்வேயர் கேட்டார்: "எஞ்சின் கவர் எடுக்கலையா சார்?" அன்றுதான் பாலிசியை முதன்முறையாகப் படித்தேன். சாவி தொலைந்தால் பணம் வரும். வண்டிக்குள் வைத்த லேப்டாப் திருடு போனால் பணம் வரும். எஞ்சினுக்குள் தண்ணீர் போனால் வராது. கையிலிருந்து 1,38,000 ரூபாய் போனது.

போன வருடம் தங்கை வீட்டில் கார் எடுத்தபோது இந்த வேலையை நானே உட்கார்ந்து பார்த்தேன். கீழே எழுதியிருப்பது அந்த இரண்டு அனுபவங்களிலிருந்தும் தேறியது. இந்தியாவில் சொந்த உபயோகத்துக்குப் புது கார், அதாவது ஓன் போர்டு வண்டி, எடுப்பவர்களுக்கானது. டாக்ஸி போர்டுக்கு விதிகள் வேறு.

1. புக்கிங் போட்ட வாரத்திலேயே ஆரம்பியுங்கள்

டெலிவரி நாளுக்கு விட்டால் பேரம் பேசும் பலம் உங்களிடம் இருக்காது. லோன் பணம் ஷோரூமுக்குப் போயிருக்கும், நல்ல நேரம் குறித்திருக்கும், வீட்டில் எல்லோரும் கிளம்பியிருப்பார்கள். அந்த நேரத்தில் ஐயாயிரம் ரூபாய்க்காக யாரும் சண்டை போடமாட்டார்கள். எதிரில் இருப்பவருக்கும் அது தெரியும்.

புக்கிங் அன்றே இரண்டு விஷயங்களைச் சொல்லிவிடுங்கள். ஒன்று, "ஆன்-ரோடு விலையில் இன்சூரன்ஸ் தொகையைத் தனியாகப் பிரித்து, ஆட்-ஆன் வாரியாக எழுதித் தாருங்கள்." (ஆட்-ஆன் என்பது அடிப்படைப் பாலிசிக்கு மேல் தனிக் காசு கொடுத்துச் சேர்க்கும் கூடுதல் காப்பு.) இரண்டு, "இன்சூரன்ஸ் எங்கே எடுப்பது என்பதை நான் பிறகு சொல்கிறேன்." இரண்டாவதைக் கேட்டதும் முகம் கொஞ்சம் மாறும். மாறட்டும். காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையமான ஐ.ஆர்.டி.ஏ.ஐ. 2017 நவம்பர் முதல் டீலர்கள் இன்சூரன்ஸ் விற்பதற்கென்றே விதிமுறை வைத்திருக்கிறது. குறிப்பிட்ட கம்பெனியில்தான் எடுக்க வேண்டும் என்று வாங்குபவரைக் கட்டாயப்படுத்த அதில் இடமில்லை. கடன் கொடுக்கும் வங்கிக்கும் பாலிசியில் அதன் பெயர் இருந்தால் போதும்.

2. அந்த ஒரே தாளில் மூன்று இன்சூரன்ஸ் இருக்கிறது

"ஃபுல் இன்சூரன்ஸ்" என்று ஒரு பொருள் கிடையாது. புது காருக்கு வரும் பாலிசிக்குள் மூன்று தனித்தனி ஒப்பந்தங்கள் இருக்கின்றன. மூன்றுக்கும் முடிவு தேதியும் ஒன்றல்ல.

முதலாவது தேர்டு பார்ட்டி. உங்கள் வண்டியால் அடுத்தவருக்கு ஏற்படும் பாதிப்புக்கு. 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டப்படி இது கட்டாயம். இல்லாமல் ஓட்டினால் முதல் முறை 2,000 ரூபாய், மறுமுறை 4,000 ரூபாய் அபராதம். சிறைத் தண்டனைக்கும் சட்டத்தில் இடமுண்டு. உச்ச நீதிமன்ற உத்தரவுக்குப் பிறகு, 2018 செப்டம்பர் முதல் புது கார்களுக்கு இதை 3 வருடத்துக்கு மொத்தமாக எடுத்தாக வேண்டும். விலையை அரசு நிர்ணயிக்கிறது, கம்பெனிக்குக் கம்பெனி மாறாது. 2022 ஜூன் அறிவிப்பின்படி 3 வருடத் தொகை: 1000 சி.சி. வரை 6,521 ரூபாய், 1000 முதல் 1500 சி.சி. வரை 10,640, அதற்கு மேல் 24,596. இதற்கு மேல் 18 சதவீத ஜி.எஸ்.டி. பேட்டரி கார்களுக்குக் கிலோவாட் கணக்கில் தனிப் பட்டியல், கொஞ்சம் குறைவு. நீங்கள் வாங்கும்போது நடப்பில் உள்ள அறிவிப்பு எது என்று ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள். ஆனால் எந்த டீலராவது "தேர்டு பார்ட்டியில் தள்ளுபடி தருகிறேன்" என்றால் அது வெறும் பேச்சு.

இதில் ஒரு சின்னப் பொறி உண்டு. உயிரிழப்புக்கும் காயத்துக்கும் இழப்பீட்டு வரம்பு இல்லை. அடுத்தவர் சொத்துக்கு ஏற்படும் சேதத்துக்கு மட்டும் வரம்பு 7.5 லட்சம் ரூபாய். அதை 6,000 ரூபாயாகக் குறைத்துக்கொண்டால் வருடத்துக்கு 100 ரூபாய் மிச்சம் என்று ஒரு வாய்ப்பு இருக்கிறது. சில கொட்டேஷன்களில் உங்களைக் கேட்காமலே அதை டிக் செய்து விலையைக் குறைத்துக் காட்டுவார்கள். நூறு ரூபாய்க்காக ஏழரை லட்சத்தை விட்டுக்கொடுக்காதீர்கள்.

இரண்டாவது, உங்கள் வண்டிக்கு ஏற்படும் சேதத்துக்கானது. தாளில் "ஓன் டேமேஜ்" அல்லது "ஓ.டி." என்று இருக்கும், பேச்சு வழக்கில் ஃபர்ஸ்ட் பார்ட்டி. விபத்து, திருட்டு, தீ, வெள்ளம் எல்லாம் இதில்தான். இது பெரும்பாலும் 1 வருடத்துக்கு மட்டும். விலையை ஒவ்வொரு கம்பெனியும் தானே வைத்துக்கொள்ளலாம். பேரம் பேச இடமிருப்பது இங்கே மட்டும்தான்.

மூன்றாவது, உரிமையாளர்-ஓட்டுநருக்கான விபத்துக் காப்பீடு, 15 லட்சம் ரூபாய். கட்டாயம்தான். ஆனால் உங்கள் பெயரில் ஏற்கெனவே 15 லட்சத்துக்குக் குறையாத விபத்துக் காப்பீடு இருந்தால், அல்லது வீட்டிலுள்ள இன்னொரு வண்டிக்காகத் தனியாக எடுத்த இதே காப்பீடு இருந்தால், மறுபடி கட்டத் தேவையில்லை. அதற்கான உறுதிமொழியைக் கொடுத்தால் போதும். யார் பெயரில் வண்டி இருக்கிறதோ அவரிடம் ஓட்டுநர் உரிமம் இல்லையென்றால் இந்தக் காப்பீடு பொருந்தாது. அப்பா பெயரில் கார் வாங்கி, அவருக்கு லைசென்ஸே இல்லாதபோதும் இதற்குப் பணம் பிடித்திருந்ததை நான் பார்த்திருக்கிறேன்.

மேலோட்டமாகப் பார்த்தால் தட்டுப்படாத இரண்டு வரிகளையும் கேட்டு வாங்குங்கள். சம்பள டிரைவர் வைக்கிறீர்களா? அவருக்கான சட்டப் பொறுப்புக்கு வருடம் 50 ரூபாய்தான். கூட வருபவர்களுக்கான விபத்துக் காப்பீடு, ஆளுக்கு ஒரு லட்சம் என்றால் ஒரு சீட்டுக்கு 50 ரூபாய் அளவில் முடியும். இவ்வளவு மலிவான விஷயங்களை விற்பனையாளர் தானாகச் சொல்லமாட்டார். அவருக்கு இதில் கமிஷன் எங்கே?

3. பிரீமியத்துக்கு முன் ஐ.டி.வி.யைப் பாருங்கள்

ஐ.டி.வி. என்பது வண்டி திருடுபோனாலோ சரிசெய்ய முடியாத அளவுக்கு நொறுங்கினாலோ உங்களுக்குக் கிடைக்கும் அதிகபட்சத் தொகை. ரிப்பேர் செலவு ஐ.டி.வி.யில் 75 சதவீதத்தைத் தாண்டினால் மொத்த இழப்பு என்று கணக்கில் எடுப்பார்கள். புது காருக்கு இது எக்ஸ்-ஷோரூம் விலையில் 5 சதவீதம் கழித்தது. 9,00,000 ரூபாய் காருக்கு 8,55,000.

எக்ஸ்-ஷோரூம் விலை என்பதைக் கவனியுங்கள். தமிழ்நாட்டில் இந்த விலைக் காருக்குச் சாலை வரி 13 சதவீதம், அதாவது 1,17,000 ரூபாய். அதுவும் பதிவுக் கட்டணமும் இன்சூரன்ஸ் தொகையும் ஐ.டி.வி.க்குள் வராது.

ஒரு கொட்டேஷன் மற்றதைவிட மூவாயிரம் குறைவாக இருந்தால் முதலில் ஐ.டி.வி.யைப் பாருங்கள். பத்தில் ஏழு தடவை அங்கேதான் வெட்டியிருப்பார்கள். 7,90,000 என்று போட்டிருந்தால் பிரீமியம் குறையும், வண்டி களவு போன அன்று 65,000 உங்கள் கையிலிருந்து போகும். எல்லாக் கொட்டேஷனிலும் ஒரே ஐ.டி.வி. போடச் சொல்லிவிட்டுத்தான் விலையை ஒப்பிட வேண்டும்.

டீலர் தனியாக மாட்டித் தரும் மியூசிக் சிஸ்டம், அலாய் வீல் போன்றவை தானாகக் காப்பீட்டுக்குள் வராது. மதிப்பைச் சொல்லிச் சேர்க்க வேண்டும். மியூசிக் சிஸ்டம் போன்ற மின்சாதனங்களுக்கு வழக்கமாக மதிப்பில் 4 சதவீதம் கூடுதல் பிரீமியம். சீட் கவருக்கும் மேட்டுக்கும் இந்த வேலை வேண்டாம். 60,000 ரூபாய்க்கு அலாய் வீல் மாட்டினால் கட்டாயம் சேருங்கள். வெளியில் கேஸ் கிட் மாட்டினாலும் பாலிசியில் ஏற்றியாக வேண்டும். ஏற்றாவிட்டால் கிளைம் நேரத்தில் அதுவே வம்பாகிவிடும்.

4. ஆட்-ஆன்: எதற்குப் பணம் கட்டலாம், எதை அடித்துவிடலாம்

என் காசு போன இடம் இது. ஆட்-ஆன் பத்துப் பன்னிரண்டு இருக்கும். ஷோரூமில் அவற்றை ஒரு "பேக்கேஜ்" ஆக்கி ஒரே பெயரில் விற்பார்கள். பேக்கேஜ் பெயரைக் கேட்காதீர்கள், உள்ளே இருப்பதன் பட்டியலைக் கேளுங்கள்.

ஜீரோ டெப். இதைத்தான் பம்பர் டு பம்பர் என்கிறார்கள். சாதாரண ஓ.டி. பாலிசியில் பாகம் மாற்றும்போது தேய்மானத்தைக் கழிப்பார்கள். பிளாஸ்டிக், ரப்பர், டயர், பேட்டரி, ஏர்பேக் ஆகியவற்றுக்கு வண்டி ஒரு மாதப் புதுசாக இருந்தாலும் 50 சதவீதம் கழிவு. ஃபைபர் கிளாஸுக்கு 30. கண்ணாடிக்குக் கழிவு இல்லை. இரும்புப் பாகங்களுக்கு முதல் 6 மாதம் எதுவும் இல்லை, பிறகு 5 சதவீதம், 10 சதவீதம் என்று வருடத்தோடு ஏறும். இன்றைய காரின் முன்பக்கம் முழுக்கப் பிளாஸ்டிக். 12,000 ரூபாய் பம்பரை மாற்றினால் 6,000 உங்களுடையது. புது காருக்கு ஜீரோ டெப் வேண்டுமா என்று யோசிக்கவே வேண்டாம், எடுங்கள். ஆனால் இரண்டு கேள்வி கேளுங்கள்: வருடத்துக்கு எத்தனை கிளைம் வரை? டயரும் பேட்டரியும் இதில் அடங்குமா? பதில் கம்பெனிக்குக் கம்பெனி வேறு. ஜீரோ டெப் இருந்தாலும் ஒவ்வொரு கிளைமுக்கும் கட்டாயப் பிடித்தம் உண்டு: 1500 சி.சி. வரை 1,000 ரூபாய், அதற்கு மேல் 2,000. "ஒரு பைசா கட்ட வேண்டாம்" என்ற பேச்சு அங்கேயே உடைந்துவிடுகிறது.

எஞ்சின் பாதுகாப்பு. வெள்ளம் ஓ.டி. பாலிசியில் உண்டு என்று மேலே எழுதினேன். நனைந்த சீட்டுக்கும் ஒயரிங்குக்கும் பணம் வரும். ஆனால் தண்ணீர் புகுந்த நிலையில் ஸ்டார்ட் செய்ததால் எஞ்சின் போனால், அதை "விளைவால் வந்த சேதம்" என்று தள்ளிவிடுவார்கள். அதற்குத்தான் இந்த ஆட்-ஆன். சென்னையில் 2015 டிசம்பரிலும், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போதும் மூழ்கிய கார்களை நினைத்துக்கொண்டால் போதும். வேளச்சேரி, முடிச்சூர் பக்கம் இருப்பவர்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. தாழ்வான பகுதி, அடித்தளப் பார்க்கிங், சுரங்கப்பாதை வழியாக ஆபீஸ் போகிறவர்கள் எல்லோரும் எடுங்கள். மேட்டில் வீடு, வண்டி வாரம் ஒருமுறைதான் வெளியே வரும் என்றால் விட்டுவிடலாம். எடுத்திருந்தாலும் தண்ணீரில் நின்ற வண்டியை ஸ்டார்ட் செய்யாதீர்கள். டயர் உயரத்துக்குத் தண்ணீர் ஏறியதைப் படம் எடுங்கள், கம்பெனிக்குத் தகவல் சொல்லுங்கள், இழுத்துப் போக ஆள் வரச் சொல்லுங்கள்.

ரிட்டர்ன் டு இன்வாய்ஸ். திருட்டு அல்லது மொத்த இழப்பின்போது ஐ.டி.வி.க்கும் பில் தொகைக்கும் உள்ள வித்தியாசத்தைத் தருவது. சாலை வரியும் பதிவுச் செலவும் சேருமா என்று கேளுங்கள். சேரும் என்றால்தான் இதற்கு முழு மதிப்பு. கடனில் வாங்குபவர்களுக்கு இது மிக முக்கியம்: மொத்த இழப்புத் தொகை முதலில் வங்கிக்குத்தான் போகும், மீதிதான் உங்களுக்கு. 90 சதவீதம் கடன் என்றால் முதல் வருடத்தில் மீதி என்று சொல்லும்படி ஒன்றும் இருக்காது. திருட்டுக் கிளைமில் எஃப்.ஐ.ஆர்., வண்டி கண்டுபிடிக்கப்படவில்லை என்ற போலீஸ் சான்று, இவற்றோடு ஒரிஜினல் சாவி இரண்டையும் கேட்பார்கள். டெலிவரி அன்று கொடுத்த இரண்டாவது சாவியை எங்கே வைத்தீர்கள் என்று இப்போதே யோசியுங்கள்.

கன்ஸ்யூமபிள்ஸ். நட்டு, போல்ட், கிளிப், ஆயில், கூலன்ட் போன்றவை. விலை குறைவு, ஜீரோ டெப்போடு சேர்த்தால் பில்லில் உங்கள் கையிலிருந்து போவது குறையும். எடுக்கலாம்.

சாலையோர உதவி. காரோடு தயாரிப்புக் கம்பெனியே முதல் சில வருடங்களுக்கு இதைத் தருகிறதா என்று பாருங்கள். தந்தால் இரண்டாவது முறை வாங்க வேண்டாம்.

சாவிக் காப்பீடு, தனிப்பட்ட பொருட்கள் காப்பீடு, தினப்படி, இ.எம்.ஐ. பாதுகாப்பு: இவற்றை அடித்துவிட்டு அந்தப் பணத்தை எஞ்சினுக்குக் கொடுங்கள். புஷ் பட்டன் ஸ்மார்ட் கீ வைத்திருந்து, அதை வாரம் ஒருமுறை தொலைக்கும் பழக்கம் உள்ளவர்களுக்கு மட்டும் சாவி விஷயத்தில் விலக்கு. டயர் காப்பீடு விலை உயர்ந்த பெரிய டயர் மாட்டிய வண்டிகளுக்கு யோசிக்கலாம்.

என்.சி.பி. (கிளைம் போடாமல் ஓட்டியதற்குக் கிடைக்கும் தள்ளுபடி) பாதுகாப்பு முதல் வருடம் வேண்டாம். பாதுகாக்க இன்னும் ஒன்றும் சேரவில்லையே. பழைய காரிலிருந்து போனஸைக் கொண்டுவருகிறீர்கள் என்றால் மட்டும் யோசியுங்கள்.

விருப்பப் பிடித்தம் என்றும் ஒன்று கண்ணில் படும். "கிளைமில் முதல் 5,000 ரூபாயை நானே ஏற்கிறேன்" என்றால் பிரீமியம் குறையும். அந்தத் தள்ளுபடிக்கு வழக்கமாக 1,500 ரூபாய் உச்சவரம்பு. ஓட்டிப் பழகிக்கொண்டிருப்பவர்கள் இந்தப் பக்கமே போகாதீர்கள். முதல் வருடத்துச் சிராய்ப்புகள் எல்லாம் 5,000, 8,000 ரகம்தான்.

5. வீட்டில் பழைய கார் இருந்ததா? என்.சி.பி.யை விட்டுவிடாதீர்கள்

ஒரு வருடம் கிளைம் இல்லாமல் ஓட்டினால் அடுத்த வருட ஓ.டி. பிரீமியத்தில் 20 சதவீதம் தள்ளுபடி. பிறகு 25, 35, 45 என்று ஏறி ஐந்தாவது வருடம் 50-ல் நிற்கும். இதுதான் நோ கிளைம் போனஸ். இது காருக்குச் சொந்தமில்லை, உங்களுக்குச் சொந்தம். பழைய காரை விற்றுவிட்டுப் புது கார் எடுத்தால் போனஸைப் புது காருக்குக் கொண்டுபோகலாம். ஓ.டி. பிரீமியம் 12,000 என்றால் 50 சதவீதத்தில் 6,000 மிச்சம், ஜி.எஸ்.டி.யோடு 7,080. எக்ஸ்சேஞ்சில் பழைய வண்டியை வாங்கும் ஷோரூம் இதைப் பற்றி வாயே திறக்காது.

செய்ய வேண்டியது இது: பழைய வண்டியை விற்றதற்கான ஆதாரத்தோடு (படிவம் 29, 30-இன் நகல், ஒப்படைப்புக் கடிதம், பெயர் மாற்றிய ஆர்.சி. நகல், இதில் அவர்கள் கேட்பது) பழைய இன்சூரன்ஸ் கம்பெனிக்கு எழுதி என்.சி.பி. சான்றிதழ் கேளுங்கள். அந்தக் கடிதம் 3 வருடம் செல்லும். பழைய பாலிசியை, அந்த வண்டியை வாங்கியவர் பெயருக்கு மாற்றுவதையும் அதே கையோடு முடித்துவிடுங்கள். ஒரே போனஸ் இரண்டு வண்டியில் ஓடினால் கிளைம் நேரத்தில் மாட்டுவது நீங்கள்தான்.

எங்கள் வீட்டில் இதில்தான் சறுக்கப் பார்த்தோம். பழைய கார் மாப்பிள்ளை பெயரில், புது கார் புக்கிங் தங்கை பெயரில். பெயர் வேறானால் போனஸ் வராது. முதல் வாரமே கவனித்ததால் புக்கிங்கை மாப்பிள்ளை பெயருக்கு மாற்ற முடிந்தது. தங்கைக்கு இன்னும் கொஞ்சம் வருத்தம்தான்.

போனஸே இல்லாதபோது "50 சதவீதம் இருக்கிறது" என்று போட்டு விலையைக் குறைத்துத் தருகிறேன் என்று யாராவது சொன்னால் ஒப்புக்கொள்ளாதீர்கள். பொய்த் தகவல் என்று கிளைமை நிராகரிக்க அது போதும்.

6. மூன்று கொட்டேஷன், ஒரே அளவுகோல்

டெலிவரிக்கு 15 நாள் முன்னால் மூன்று இடத்தில் விலை கேளுங்கள்: டீலர், டீலர் சொல்லும் அதே கம்பெனியின் சொந்த இணையதளம், வேறொரு கம்பெனி. மூன்றிலும் ஒரே ஐ.டி.வி., ஒரே ஆட்-ஆன், ஒரே என்.சி.பி. இருக்க வேண்டும். பதிவு செய்யும் ஊரும் விலையைப் பாதிக்கும். சென்னை, பெங்களூரு உள்ளிட்ட பெருநகரங்களுக்கு ஓ.டி. விகிதம் மற்ற ஊர்களைவிடச் சற்று அதிகம். அதனால் இணையத்தில் பார்க்கும்போது சரியான ஆர்.டி.ஓ. குறியீட்டைப் போடுங்கள்.

எங்களுக்கு வந்த விலை, 1.2 லிட்டர் பெட்ரோல் வண்டிக்கு, என்.சி.பி. கழிப்பதற்கு முன்: டீலரிடம் 46,200. அதே கம்பெனி, அதே விவரங்கள், இணையதளத்தில் 34,900. அச்சடித்துக் கொண்டுபோய் மேசையில் வைத்தேன். உள்ளே போய் யாரிடமோ பேசிவிட்டு வந்து 35,500-க்கு இறங்கினார்கள். 600 ரூபாய் வித்தியாசத்துக்கு டீலரிடமே எடுத்தோம். ஆவணம் ஏதாவது குறைந்தால் ஓடப்போவது அவர்கள்தானே. வெளியில் எடுத்தே ஆக வேண்டும் என்ற வீம்பு தேவையில்லை. விலை இறங்காவிட்டால் வெளியில் எடுங்கள், அவ்வளவுதான்.

அப்போது கேட்கும் பயமுறுத்தல்கள் மூன்று:

"வெளியில் எடுத்தால் கேஷ்லெஸ் கிடையாது." கேஷ்லெஸ் என்பது, ரிப்பேர் பில்லை இன்சூரன்ஸ் கம்பெனியே நேராகக் கட்டுவதற்கு அதற்கும் அந்த ஒர்க்ஷாப்புக்கும் உள்ள ஒப்பந்தம். பாலிசியை யார் விற்றார் என்பதற்கும் அதற்கும் தொடர்பில்லை. கம்பெனியின் கேரேஜ் பட்டியலில் உங்கள் சர்வீஸ் சென்டர் பெயர் இருக்கிறதா என்று பாருங்கள். இது மட்டும் உண்மையிலேயே பார்க்க வேண்டிய விஷயம்.

"வாரண்டி போய்விடும்." போகாது. வாரண்டி கார் தயாரித்தவர் தருவது.

"அப்படியானால் கார் விலையில் கொடுத்த தள்ளுபடி கட்." இது பேரத்தில் நடக்கக் கூடியது. அதனால்தான் புக்கிங் அன்றே தள்ளுபடியை நிபந்தனை இல்லாமல் எழுத்தில் வாங்குங்கள் என்கிறேன்.

7. ஆவணங்களும் நாள் கணக்கும்

கையில் வைத்துக்கொள்ள வேண்டியவை: ஆதார், பான் (2023 ஜனவரி முதல் புதுப் பாலிசிக்கு கே.ஒய்.சி., அதாவது அடையாளச் சரிபார்ப்பு, கட்டாயம்), ஓட்டுநர் உரிமம், ப்ரொஃபார்மா இன்வாய்ஸ், சேஸிஸ் எண், எஞ்சின் எண், கடன் என்றால் வங்கியின் பெயரும் கிளையும், நாமினியின் பெயரும் வயதும், இருந்தால் என்.சி.பி. சான்றிதழும் பழைய பாலிசியும். ஆதாரிலும் இன்வாய்ஸிலும் பெயர் ஒரே மாதிரி இருக்கட்டும். இனிஷியல் முன்னால் ஒன்றில், பின்னால் ஒன்றில் என்று இருந்தால் கே.ஒய்.சி.யிலேயே நின்றுவிடும்.

சேஸிஸ் எண் இல்லாமல் பாலிசி போட முடியாது. வெளியில் எடுக்கப்போகிறீர்கள் என்று தெரிந்தால் சில இடங்களில் அதைக் கடைசி நாள் வரை தராமல் இழுப்பார்கள். வண்டி யார்டுக்கு வந்ததும் டெலிவரிக்கு முந்தைய சோதனைக்கு நீங்களே போங்கள். சுற்றிப் பாருங்கள், கீறல் பாருங்கள், அப்போதே எண்ணைப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். வண்டி பிடித்த பிறகுதான் இன்சூரன்ஸ் போட வேண்டும். முதலில் பாலிசி போட்டுவிட்டு, பிறகு இந்த வண்டி வேண்டாம் என்று மாற்றினால் அந்த எண்ணை மாற்ற இன்னொரு அலைச்சல்.

பதிவுக்கு இன்சூரன்ஸ் தேவை என்பதால், டெலிவரிக்கு இரண்டு மூன்று நாள் முன்னால் பணம் கட்டிவிடுங்கள். வண்டி ஷோரூமைவிட்டு ஆர்.டி.ஓ. ஆபீசுக்கோ பாலிஷ் போடவோ நகரும் முன் பாலிசி தொடங்கியிருக்க வேண்டும். பிரீமியம் போய்ச் சேராமல் காப்பீடு தொடங்காது, அது சட்டம். அதனால் பணத்தை இன்சூரன்ஸ் கம்பெனி அனுப்பும் இணைப்பில் நேரடியாகக் கட்டுவதுதான் நல்லது. இணையத்தில் கட்டினால் பாலிசி பெரும்பாலும் அன்றே மின்னஞ்சலில் வந்துவிடும்.

படிவத்தில் கைபேசி எண்ணும் மின்னஞ்சலும் உங்களுடையதா என்று நீங்களே பாருங்கள். என் முதல் பாலிசியில் இருந்தது ஷோரூம் ஊழியரின் எண். ஒரு வருடம் எனக்கு ஒரு தகவலும் வரவில்லை, ஓ.டி.பி. எல்லாம் அவருக்குப் போய்க்கொண்டிருந்தது.

8. பாலிசி வந்ததும் பத்து நிமிடம் ஒதுக்குங்கள்

ரசீது வேறு, பாலிசி வேறு. பாலிசியைத் திறந்து வைத்துக்கொண்டு பெயர், முகவரி, சேஸிஸ் எண், எஞ்சின் எண், மாடல், எரிபொருள், தயாரிப்பு வருடம், ஐ.டி.வி., வங்கியின் பெயர் என்று ஒவ்வொன்றாக இன்வாய்ஸோடு சரிபாருங்கள். ஆட்-ஆன் பட்டியலில் நீங்கள் காசு கொடுத்தவை எல்லாம் பெயர் சொல்லி இருக்கின்றனவா? ஷோரூம் தாளில் எழுதியிருந்தது எதற்கும் உதவாது, பாலிசியில் இருப்பது மட்டும்தான் செல்லும். தவறு இருந்தால் அன்றே மின்னஞ்சலில் திருத்தம் கேளுங்கள். பதில் வராவிட்டால் கம்பெனியின் குறைதீர்ப்பு அதிகாரி, பிறகு ஐ.ஆர்.டி.ஏ.ஐ.யின் பீமா பரோசா தளம். அதற்கும் மேலே இன்சூரன்ஸ் குறைதீர்ப்பாளர் இருக்கிறார், சென்னையிலும் அலுவலகம் உண்டு.

9. நம்பர் பிளேட் வந்த பிறகு இரண்டு வேலை

பாலிசியில் பதிவு எண் இருக்கும் இடத்தில் "நியூ" என்று போட்டிருப்பார்கள். ஆர்.சி. வந்ததும் அதன் நகலை அனுப்பி எண்ணை ஏற்றச் சொல்லுங்கள். இது கிளைமின்போதுதான் பலருக்கு ஞாபகம் வருகிறது.

அடுத்தது, கைபேசி நாள்காட்டியில் இரண்டு தேதிகளைக் குறியுங்கள். தேர்டு பார்ட்டி 3 வருடம் ஓடும், ஓ.டி. ஒரே வருடத்தில் முடியும். பாலிசியின் மேலே பெரிதாகத் தெரிவது மூன்றாவது வருடத் தேதியாக இருந்தால் அதையே நம்பி இருந்துவிடுவோம். போலீஸ் நிறுத்தினாலும் ஒன்றும் சொல்லமாட்டார்கள், ஏனென்றால் தேர்டு பார்ட்டி இருக்கிறது. ஆனால் அந்த இரண்டு வருடமும் உங்கள் வண்டிக்கு இன்சூரன்ஸ் இல்லை. முதல் வருட முடிவில் ஓ.டி.யை மட்டும் தனியாக எடுக்கலாம், அதே கம்பெனியாக இருக்க வேண்டியதில்லை. முடிவதற்கு ஒரு மாதம் முன்பே விலை கேட்க ஆரம்பியுங்கள். தேதி தாண்டினால் வண்டியை மறுபடி சோதனை செய்த பிறகே பாலிசி தருவார்கள். 90 நாள் தாண்டினால் சேர்ந்த என்.சி.பி.யும் போய்விடும். தங்கை வீட்டு வண்டிக்கு அந்தத் தேதி வருகிற மாதம் 19. நினைவூட்டலை மாப்பிள்ளை கைபேசியிலும் போட்டிருக்கிறேன், என் கைபேசியிலும் போட்டிருக்கிறேன்.